ரெண்டு தட்டு, மூணு தட்டு

யோகலட்சுமி அடுப்படியில் தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தபோது முன்னறையில் மகன் கை தட்டினான். முதலில் இரண்டு. சின்ன இடைவெளி. அப்புறம் வேகமாக மூன்று. மறுபடியும் இரண்டு, மூன்று. தோசைக்கரண்டி கை நழுவித் தரையில் விழுந்தது. அவள் குனிந்து எடுக்கவில்லை.

"ஏலே, கையத் தட்டாத!"

"ஒத்திக பாக்கேம்மா. ஞாயித்துக்கிழம மண்டபத்துல மொத்தக் கூட்டத்தையும் தட்ட வைக்கப் போறோம். மாமாவோட தாளம்லா இது!"

"வீட்டுக்குள்ள தட்டாதன்னு சொல்லுதேன்லா."

செல்வகணேஷ் சிரித்தான். இருபத்தேழு வயது. எட்டயபுரம் ரோட்டில் ஃபிளெக்ஸ் பிரிண்டிங் கடை வைத்திருக்கிறான். கோவில்பட்டியில் யாருக்குக் காது குத்தினாலும், யார் செத்தாலும், அந்த முகம் இவன் கடை மெஷினில் எட்டடிக்கு நீண்டுதான் தெருவுக்கு வரும். இந்த வாரம் அவன் அடித்தது தாய்மாமன் முகம். பஸ் ஸ்டாண்டு முனையில், மண்டப வாசலில், ரயில்வே கேட் பக்கம் என்று எங்கே திரும்பினாலும் பூவனலிங்கம் ஆளுயர மரப்பெட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு நிற்கிறான். கீழே பெரிய எழுத்தில் 'உலகம் போற்றும் ஜாஸ் மேதை, கரிசல் மண்ணின் மைந்தன்' என்று போட்டிருந்தது. காய்கறி வாங்கப் போகும் யோகலட்சுமி தலையைக் குனிந்துகொண்டே போய்த் தலையைக் குனிந்துகொண்டே திரும்பி வருவாள். அண்ணனை நிமிர்ந்து பார்க்கிற தைரியம் அவளுக்கு இல்லை.

பூவனலிங்கம் செத்து இருபத்தேழு வருஷம் ஆகிறது. நாகலாபுரத்தில் ஆடு மேய்த்த வீட்டுப் பிள்ளை. பதினாறு வயதில் மிளகாய் வத்தல் ஏற்றிப்போன லாரியில் ஏறிப் பம்பாய்க்கு ஓடியவன். அங்கே ஒரு பெரிய ஓட்டலில் தட்டுக் கழுவினான். அந்த ஓட்டலில் சாயங்காலம் வெள்ளைக்காரச் சங்கீதம் நடக்கும், ஜாஸ் என்று பெயர். அதில் டபுள் பேஸ் என்கிற ஆளுயர மரப்பெட்டி வாத்தியம் பின்வரிசையில் நின்று மற்ற வாத்தியங்களைத் தாங்கும். ஒருத்தரும் அதைத் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். வாசிக்கிறவர் காய்ச்சலில் படுத்த ஒருநாள் இவன் துணிந்து மேடை ஏறினான். யாரிடம் கற்றான், எப்போது கற்றான் என்று யாருக்குமே தெரியாது. அப்புறம் ஜெர்மனி போனான். பின்வரிசை வாத்தியத்தை முன்வரிசைக்கு இழுத்து வந்தான். தடித்த கம்பியைத் தளர்த்தி உறும வைத்தான். கம்பியை உரசுகிற வில்லைத் தூரப் போட்டுவிட்டு மரத்தையே விரல் முட்டியால் தட்டினான். பேஸ் பேசுகிறது என்று அங்கே எழுதினார்கள். இரண்டு ரெக்கார்டு வந்தது, அவ்வளவுதான். பிறகு எல்லாரும் மறந்துபோனார்கள். இப்போது திடீரென்று உலகத்துக்கு ஞாபகம் வந்திருக்கிறது. வராமலே இருந்திருக்கலாம்.

ஞாபகம் வரவைத்தவன் செல்வகணேஷ்தான். போன வருஷம் வெள்ளையடிக்கப் பரணை ஒதுக்கியபோது மாமாவின் பேஸைச் சுற்றியிருந்த உறையின் பையில் ஒரு சின்ன டேப் ரெக்கார்டரும் அதற்குள் ஒரு கேசட்டும் கிடைத்தன. மதுரையில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்துப் போனில் ஏற்றி வந்தான். 'உஸ்ஸ்' என்ற இரைச்சல். அதற்கு அடியில் எங்கேயோ தூரத்தில் மரத்தைத் தட்டுகிற சத்தம். இரண்டு, மூன்று. இரண்டு, மூன்று. அவன் பாட்டுக்குப் போனை அம்மா காதுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டான். அன்றைக்கு முழுக்க யோகலட்சுமி சாப்பிடவில்லை. தலைவலி என்று சொல்லிச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அண்ணன் அதைப் பதிவு செய்து வைத்திருக்கிறான் என்று அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

பையன் கேசட்டை ஜெர்மனிக்கு அனுப்பினான். அங்கே ஒரு புரொபசர், பூவனலிங்கத்தின் பழைய ரெக்கார்டுகளைத் தேடித் தேடிச் சேர்க்கிற மனுஷர், அதிலிருந்து இருபது நிமிஷத்தைச் சுத்தம் செய்து 'நாகலாபுரம்' என்று பேர் வைத்து வெளியிட்டார். அம்மாடி! எத்தனை பாராட்டு! சாவதற்கு முன் இந்த மேதை கம்பியையே துறந்து மரத்துக்குப் போய்விட்டாராம். அந்த ஐந்து தட்டில் ஒரு புதிய சங்கீதமே பிறந்துவிட்டதாம். ஏதேதோ ஊரில் பிள்ளைகள் அதைத் தட்டி வீடியோ போடுகிறார்கள். செல்வகணேஷ் ஒவ்வொன்றையும் அம்மாவிடம் காட்டினான். அவள் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள்.

அந்த ஐந்து தட்டு என்னவென்று இந்த உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருத்தன் செத்துவிட்டான்.

அவளுக்கு ஆறு வயது, அண்ணனுக்குப் பதினாலு. கரிசல் காட்டில் ஆட்டைப் பத்திக்கொண்டு போனால் அவன் ஒரு கோடி, அவள் ஒரு கோடி. நடுவில் பருத்தி எடுத்து முடிந்த வெற்று நிலம்; வெயிலில் கால் நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். கத்தினால் காற்று தூக்கிக்கொண்டு போய்விடும். அதனால் அவன் ஒரு பழைய மண்ணெண்ணெய் டின்னை இடுப்பில் கட்டியிருப்பான். தண்ணீர்த் தூக்கு அவளிடம் இருக்கும். இரண்டு தட்டு, மூன்று தட்டு என்றால் 'யோகு, தண்ணி கொண்டா' என்று அர்த்தம். எங்கே இருந்தாலும் அவள் ஓடுவாள். வெடிப்பில் கால் மாட்டி விழுந்து எழுந்தும் ஓடுவாள். அவன் முதலில் அவளைக் குடிக்க வைத்துவிட்டு அப்புறம்தான் தான் குடிப்பான்.

அவன் ஊர் திரும்பியபோது பங்குனி வெயில். யோகலட்சுமிக்கு வயிற்றில் ஆறு மாதம். அதற்கு முன்னால் இரண்டு தங்கவில்லை. புருஷன் லாரியில் வடக்கே போயிருந்தார். அவள் அம்மா ரெங்கம்மாளோடு நாகலாபுரத்து வீட்டில் இருந்தாள். அண்ணன் அந்தப் பெரிய பெட்டியைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு வேனிலிருந்து இறங்கினான். ஆள் கருத்து, மெலிந்து, கண் மஞ்சளித்துப் போயிருந்தான்.

"யோகு, குடிச்சுக் குடிச்சு ஈரல் வெந்து போச்சுட்டி. இங்கன இருந்து விட்டுருதேன். ஓம் பிள்ளைய நாந்தான் மடியில வச்சுக் காது குத்தணும்."

அன்றைக்கே கையில் இருந்த பாட்டிலைக் கொல்லையில் உடைத்தான். மூன்றாம் நாள் கை நடுங்க ஆரம்பித்தது. வேர்த்து ஊற்றியது. சுவரில் ஏதோ ஊர்கிறது என்று அலறினான், பெற்ற தாயைப் பார்த்து யார் என்று கேட்டான். ஒரேயடியாகக் குடியை நிறுத்துகிறவர்களில் சில பேருக்கு அப்படி வருமாம். ஆஸ்பத்திரியில் நாலு நாள் போட்டுக் குளுக்கோஸ் ஏற்றி ஊசி போட்டால் சரியாகிவிடுமாம். இது யோகலட்சுமிக்குப் பத்து வருஷம் கழித்து, சுகர் மாத்திரை வாங்க வரிசையில் நின்றபோது, ஒரு நர்ஸ் யாரிடமோ பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுத்தான் தெரிந்தது. வரிசையை விட்டு வந்து மரத்தடியில் உட்கார்ந்து அழுதாள். மாத்திரை வாங்கவில்லை.

ரெங்கம்மாள் அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பவில்லை. கோடாங்கிக்குத்தான் ஆள் அனுப்பினாள். மந்திரமூர்த்தி வந்தார். உடுக்கை அடித்துக் குறி பார்த்தார். அண்ணனைப் பார்த்ததைவிட மூலையில் நின்ற பேஸைத்தான் ரொம்ப நேரம் பார்த்தார்.

"அந்தப் பெட்டிக்குள்ள ஒண்ணு உக்காந்திருக்கு, ஆத்தா. கடல் தாண்டி இவன் தோள்ல ஏறி வந்திருக்கு. ரெண்டையும் சேத்து அடச்சு வைங்க. செவ்வாயிலேருந்து வெள்ளி விடியுற வர பச்சத்தண்ணி காட்டப்படாது. காஞ்சு கருகித்தான் அது போகணும்." பிறகு யோகலட்சுமி பக்கம் திரும்பினார். "நீ வயித்துக்காரி. நல்லாக் கேட்டுக்க. ஒம் பேரச் சொல்லிக் கூப்பிடும். அண்ணன் கொரலுலயே கூப்பிடும். அது அண்ணன் இல்ல. என்னன்னு ஒரு வார்த்த நீ சொன்னா, வயித்துப் பிள்ள மேல வந்து விழுந்துரும். இன்னைக்கின்னு இல்ல தாயி, என்னைக்குமே. ஆயிசுக்கும் அந்தக் கொரலுக்குப் பதில் குடுத்துராத."

விதை வைக்கிற அறையில் அடைத்தார்கள். பூட்டுக்கூடப் போடவில்லை. வெளிப்பக்கம் ஒரு நாதாங்கி, அவ்வளவுதான். ஒரு விரலால் தூக்கினால் கழன்றுவிடும்.

செவ்வாய்க்கிழமை முழுக்கக் கத்தினான். புதன்கிழமை மத்தியானம் கத்துகிற சத்தம் அடங்கிப் பெட்டியைத் தட்டுகிற சத்தம் கேட்டது. இரண்டு, மூன்று. யோகலட்சுமி எழுந்தாள். கால் தானாகத்தான் எழுந்தது. ரெங்கம்மாள் அவள் கையைப் பிடித்து இழுத்து உரல் முன்னால் நிறுத்தினாள்.

"இடி. காதுல விழாம இடி. ரெண்ட வாரிக் குடுத்தது போதாதாட்டி? இதையும் வாரிக் குடுக்கப் போறியா?"

வெறும் உரலை இடிக்கக் கூடாது என்பதால் கம்பைக் கொட்டினாள் அம்மா. கம்பு குருணையானது, குருணை மாவானது. மாவான பிறகும் யோகலட்சுமி இடித்தாள். உள்ளே தட்டத் தட்ட வெளியே இடித்தாள். வயிறு முன்னால் தள்ளிக்கொண்டு நிற்க, கண்ணீரும் மூக்குச்சளியும் மாவில் சொட்ட, புதனும் வியாழனும் இடித்தாள். வெள்ளிக்கிழமை காலையில் இடிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. கதவைத் திறந்தபோது அண்ணன் பேஸைக் கட்டிப்பிடித்தபடி கிடந்தான். வலது கை விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்திருந்தது. காய்ச்சலில் போய்விட்டான் என்று ஊருக்குச் சொன்னார்கள். ஊரும் நம்பியது, நம்பாதவர்களும் கேட்கவில்லை.

பெட்டியை எரித்தால் உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும் என்று கோடாங்கி சொல்லிவிட்டார். அதனால் அது கூடவே இருந்தது. மூன்று மாதம் கழித்து செல்வகணேஷ் சுகமாகப் பிறந்தான். ரெங்கம்மாள் பேரனைக் கையில் வாங்கி, "பாத்தியா, பாத்தியா" என்று மட்டும் சொன்னாள். அதற்கப்புறம் சாகிற வரைக்கும் மகனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கோடாங்கியும் போய்ச் சேர்ந்தார், புருஷனும் போய்ச் சேர்ந்தார். பெட்டியும் யோகலட்சுமியும்தான் மிச்சம். கோவில்பட்டிக்கு வீடு மாறி வந்தபோது அவள் தன் பழைய சேலை ஒன்றைக் கிழித்து நாலு கம்பிக்கும் அடியில் அடைத்துவைத்தாள். தீப்பெட்டி லோடு ஏற்றிய லாரி தெருவில் போனால் அது தானாக உறுமும். துணி அடைத்த பிறகும் லேசாக உறுமத்தான் செய்தது.

சனிக்கிழமை காலையில் புரொபசர் வீட்டுக்கே வந்துவிட்டார். வெயிலில் சிவந்துபோன, நல்ல மனுஷர். யோகலட்சுமியைப் பார்த்ததும் குனிந்து இரண்டு கையாலும் கும்பிட்டார். காபியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு நேராகப் பேஸிடம் போனார். கோவிலுக்குள் போகிறவர் மாதிரி செருப்பைக் கழற்றினார். கம்பிக்கு அடியில் இருந்த துணியை ஒவ்வொன்றாக உருவினார்.

"அத எடுக்க வேண்டாம்னு சொல்லுல," என்றாள் யோகலட்சுமி.

"வாத்தியத்துக்கு மூச்சு முட்டும்கார், ம்மா."

எடுத்துவிட்டார். தடித்த கம்பியை ஒரே ஒரு தடவை விரலால் இழுத்துவிட்டார். அடுப்படி அலமாரியில் எவர்சில்வர் தம்ளர்கள் கிணுகிணுவென்று நடுங்கின. யோகலட்சுமி வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் பேஸின் விலாப்பக்கம் முட்டிபோட்டு உட்கார்ந்தார். மரத்தில் பழுப்பாகச் சில கறைகள் இருந்தன. ரெங்கம்மாள் எத்தனையோ தடவை துடைத்தும் போகாத கறைகள். அவர் அதைப் போட்டோ எடுத்தார். ஏதோ சொன்னார், குரல் தழுதழுத்தது.

"மாமா வாசிச்சு வாசிச்சு விழுந்த தழும்பாம். இதத் தொடவே தனக்குத் தகுதி இல்லேங்கார்."

புரொபசர் எழுந்து அவளைப் பார்த்துத் திரும்ப ஏதோ கேட்டார். செல்வகணேஷ் உற்சாகமாகத் திரும்பினான்.

"அம்மா, அந்தக் கேசட்ல மாமா மட்டும் இல்லியாம்! கம்ப்யூட்டர்ல இரைச்சலப் பிரிச்சு எடுத்தாராம். வெளிய இருந்து இன்னொரு ஆளு வாசிக்காங்களாம். பெரிய மத்தளம் மாதிரி. மாமா தட்டுனா அவிய பதில் குடுக்காவளாம். யாருன்னு கேக்கார். அவிய பேரையும் ரெக்கார்டுல போடணுமாம். ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"ஊர்ல யாராவது உறுமி, மத்தளம்…"

"தெரியாதுன்னா தெரியாது."

"சரி விடு. கடைசி ஏழு நிமிஷம் ஒரே இரைச்சல், அத யாருமே கேட்டதில்லம்மா. நேத்துதான் சுத்தம் பண்ணி முடிச்சாராம். மாமா சொந்த மண்ணுலதான் மொதல்ல போடணும்னு கொண்டு வந்திருக்கார். அதுல மாமா பாடுதாராம்!"

புதன்கிழமை மத்தியானம் அவன் பாடவில்லை என்று அவளுக்குத் தெரியும்.

புரொபசர் போன பிறகு மகன் கையைப் பிடித்தாள். "அதப் போடாதல."

"எதம்மா?"

"அந்தக் கடைசித் துண்டு. மாலையப் போடுங்க, சால்வையப் போடுங்க, எல்லாம் பேசுங்க. அது மட்டும் வேண்டாம். அம்மா கேக்கேன்லா."

"ஏம்மா? காரணம் சொல்லு."

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தாள். அந்த முகத்தைப் பார்த்தாள். அண்ணனின் மூக்கு, அண்ணனின் நெற்றி. மாமா, மாமா என்று ஒரு வருஷமாகத் தூங்காமல் அலைகிற பிள்ளை. உனக்காகத்தான் அவனைச் சாகவிட்டேன் என்று அதன் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வாள்? அதோடு இன்னொரு பயமும் இருந்தது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். அந்தக் குரல் மறுபடி கூப்பிடப் போகிறது. கூப்பிடுகிற நேரத்தில் இந்தப் பிள்ளை அதற்குப் பக்கத்திலேயே நிற்கப் போகிறான்.

"எனக்கு நெஞ்சு படபடன்னு அடிக்கிது."

"அப்ப நீ வீட்ல படுத்துக்க. நான் வீடியோ எடுத்துட்டு வாரேன்."

"இல்லல. நானும் வாரேன்." அவனைத் தனியாக அதனிடம் விட்டுவிட்டு வீட்டில் எப்படிப் படுத்திருப்பாள்?

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. நாகலாபுரத்திலிருந்து இரண்டு வேன் நிறைய சொந்தக்காரர்கள். காலேஜ் பிள்ளைகள். சென்னையிலிருந்து கிட்டார் தூக்கிக்கொண்டு வந்த நாலைந்து பேர். மேடை நடுவில் பேஸை நிறுத்தி ஆளுயர ரோஜா மாலை போட்டிருந்தார்கள். நாகலாபுரத்துச் சித்தி சொர்ணத்தாய் மேடையேறி அதன் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டு வந்தாள். மின்விசிறிக் காற்றில் மாலை அசைந்தபோது அது மூச்சு விடுகிற மாதிரி யோகலட்சுமிக்குத் தோன்றியது. முன்வரிசையில் அவளை உட்கார வைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். கையில் ஒரு தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள். அந்தப் பாட்டிலை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

பேச்சுகள் நடந்தன. சேர்மன் பேசினார், ஒரு காலேஜ் முதல்வர் பேசினார். பூவனலிங்கத்தை உயிரோடு பார்த்திராதவர்கள் எல்லாம் அவனுக்குச் சோறு போட்டு வளர்த்த மாதிரிப் பேசினார்கள். அப்புறம் செல்வகணேஷ் மைக்கை வாங்கினான்.

"எல்லாரும் ஒரு தடவ கையத் தூக்குங்க. நம்ம மாமா உலகத்துக்குக் குடுத்த தாளம். ரெண்டு… மூணு…"

அறுநூறு பேர் தட்டினார்கள். இரண்டு, மூன்று. கூரைத் தகரம் அதிர்ந்தது. யோகு, தண்ணி கொண்டா. யோகு, தண்ணி கொண்டா. அறுநூறு பேரும் அவளிடம் கேட்டார்கள். குழந்தைகள் சிரித்துக்கொண்டே கேட்டார்கள். யோகலட்சுமி இரண்டு கையாலும் பாட்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

தட்டல் அடங்குவதற்குள் புரொபசர் லேப்டாப்பைத் திறந்தார். அவர் சொன்னதை செல்வகணேஷ் தமிழில் சொன்னான். இதுவரை உலகத்தில் யாரும் கேட்காத ஏழு நிமிஷம். மேதையின் கடைசி வாசிப்பு. உடன் வாசித்த அந்தப் பெயர் தெரியாத கலைஞருக்கும் நம் வணக்கம்.

கல்யாண மண்டபத்து ஸ்பீக்கர்கள், ஒவ்வொன்றும் பீரோ உயரம். முதலில் அடிக்கம்பியின் உறுமல் வந்தது. நாற்காலிகள் அதிர்ந்தன. மேடையில் நின்ற பேஸும் கூடவே உறுமியது. அதன் கம்பி நடுங்குவது முன்வரிசைக்கே தெரிந்தது. அப்புறம் மரத்தில் தட்டு. இரண்டு, மூன்று. இரைச்சல் துளிக்கூட இல்லை. பக்கத்து அறையில் தட்டுகிற மாதிரி இருந்தது. கூட்டம் மெதுவாகக் கை சேர்த்துத் தட்ட ஆரம்பித்தது. அதற்குப் பதிலாக வெளியிலிருந்து கனமாக ஒரு சத்தம். தொம். தொம். தொம்.

பின்வரிசையில் சொர்ணத்தாயின் குரல் கேட்டது. "ஏட்டி, இது உலக்கச் சத்தம்லா?"

"ஆமா சித்தி. உரல்ல யாரோ இடிக்காவ," என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

தொம் தொம் நின்றது. மூச்சு வாங்கத்தான் நின்றது. யோகலட்சுமிக்கு அது ஞாபகம் இருக்கிறது. கை ஓய்ந்துபோய் உலக்கையைச் சுவரில் சாய்த்தாள். அந்த நேரம் பார்த்துத்தான் அவன் பேசினான்.

"யோகு."

மண்டபம் முழுக்க அந்தக் குரல் நிறைந்தது. வறண்டு, உதடு ஒட்டிப்போன குரல்.

"யோகு… தண்ணி."

தொம் தொம் தொம் என்று உலக்கை அவசர அவசரமாக விழுந்தது.

கை தட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். முதலில் நாகலாபுரத்துப் பெண்கள் நிறுத்தினார்கள். அப்புறம் காலேஜ் பிள்ளைகள். புரொபசர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, தலையை லேசாக ஆட்டிக்கொண்டு, தொடையில் தட்டிக்கொண்டிருந்தார். இரண்டு, மூன்று.

"யோகு, நாந்தாண்டி… அண்ணன். ஒரு வாய். ஒரே வாய்ட்டி."

தொம் தொம் தொம்.

புரொபசர் கண்ணைத் திறந்தார். கூட்டம் வாயடைத்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். சிரித்த முகத்தோடு செல்வகணேஷ் பக்கம் திரும்பிக் கேட்டார். அவர் பாடுவதற்கு என்ன அர்த்தம், எல்லாருக்கும் சொல்லுங்கள் என்று கேட்கிறார் என்பது யாரும் திருப்பிச் சொல்லாமலே புரிந்தது. செல்வகணேஷ் மைக்கை வாய்க்கு அருகில் பிடித்துக்கொண்டு நின்றான். முன்வரிசையில் இருந்த அம்மாவைப் பார்த்தான். அவன் பார்த்ததும் மண்டபமே அவளைப் பார்த்தது.

உலக்கை மறுபடியும் ஒருதடவை ஓய்ந்தது. அவளுக்குத் தெரியும், இன்னும் ஒரே ஒரு தடவை கூப்பிடுவான். அன்றைக்கு உலக்கையை ஓங்கிப் போட்டுக் கேட்காத மாதிரி ஆக்கிக்கொண்டது அந்தக் கடைசிக் கூப்பாட்டைத்தான். அதற்கப்புறம் அவன் அவள் பேரைச் சொல்லவே இல்லை.

"யோகு," என்றான் அண்ணன். திட்டவில்லை, கெஞ்சவில்லை. கரிசல் காட்டில் அந்தக் கோடியிலிருந்து கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டான்.

"என்னண்ணே," என்றாள் யோகலட்சுமி. எழுந்து நின்றுவிட்டாள். பொன்னாடை கீழே விழுந்தது. "இந்தா வாரேண்ணே. தண்ணி இருக்கு. இந்தா கொண்டு வாரேன்."

பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு எட்டு வைத்தாள். அப்புறம்தான் தான் பதில் கொடுத்துவிட்டது அவளுக்கு உறைத்தது. அப்படியே நின்று மகனைப் பார்த்தாள். இப்போது விழப் போகிறான். வாயில் நுரை தள்ளி, கண் செருகி, அந்தப் பெட்டியின் காலடியில் விழப் போகிறான். பார்த்துக்கொண்டே நின்றாள்.

செல்வகணேஷ் விழவில்லை. மைக்கை இறக்கினான். "அம்மா," என்றான், "வெளிய இடிச்சது நீயா?"

மின்விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன. ஸ்பீக்கரில் உலக்கை இடித்துக்கொண்டே இருந்தது. அவன் நல்லபடியாக, கல் மாதிரி, இரண்டு காலிலும் ஊன்றி நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றுமே ஆகவில்லை. அன்றைக்கும் ஒன்றும் ஆகியிருக்காது.